மணல் அள்ளிய காணிக்குச் சவுக்கா, பனையும் அடம்பனுமா?

யாழ்ப்பாணத்து வடமராட்சி கிழக்கில் டிப்பர் லொறிகள் மணல் அள்ளிப்போன காணிகள் பல மேடும் பள்ளமுமாகக் கிடக்கின்றன. எங்கள் குடும்பக் காணியும் அப்படித்தான் கிடந்தது. மணலை மூடிப் பச்சை வளர்க்க எங்களுக்கு இருந்த வழிகள் இரண்டு: சவுக்கு, அல்லது பனையும் மணலில் படரும் கடற்கரைக் கொடியான அடம்பனும். நாங்கள் இரண்டாவதை எடுத்தோம், மற்றவர்களுக்கும் அதையே சொல்வேன்.

சவுக்கின் நன்மைகள் தெரிந்தவைதான். விரைவாக வளரும், உப்புக்காற்றைத் தாங்கும், விறகும் கம்பும் தரும். இங்குள்ள மணற்காடு என்ற ஊரின் சவுக்கங்காட்டைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. வீட்டோரம் உடனே காற்றுத்தடை வேண்டுமென்றால் ஒரு வரிசை வைக்கலாம்.

என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. மாரியில் நட்ட சவுக்கங்கன்று, தை கழிந்து மழை விட்டதும் வெறும் மணலில் காயத் தொடங்கும். அடுத்த ஐப்பசி வரை யார் தண்ணீர் ஊற்றுவது? இங்கே வற்றாத ஆறு இல்லை. கிணற்றில் இருப்பது உவர்நீருக்கு மேல் மிதக்கும் நன்னீர். மழையை உறிஞ்சி அதற்கு இறக்கிவிட்ட மணலும் போய்விட்டது, இதில் கன்றுக்கு வேறு இறைப்பதா? சரி, இறைத்துக் காப்பாற்றிவிட்டோம் என்றே வைப்போம். கம்புக்கு வெட்டினால் சவுக்கு அடியிலிருந்து நன்றாகத் தழைக்காது. மறுபடி கன்று, மறுபடி தண்ணீர். இடையில் மணல் காற்றுக்குத் திறந்து கிடக்கும். காற்று மணலை எப்படி நகர்த்தும் என்பதற்கு மணற்காட்டில் புதைந்து நிற்கும் பழைய தேவாலயமே சாட்சி.

பனங்கொட்டைக்கு இந்தத் தொல்லை இல்லை. பினாட்டுக்கு, அதாவது பனம்பழக் களியைக் காயவைப்பதற்கு, பிழிந்த கொட்டைகளை மாரிக்கு முன் புதைத்தால் போதும். ஓலை மேலே வருமுன் முளை நிலத்துக்குள் ஆழமாக இறங்கிவிடும். அதுதான் நாம் தின்னும் கிழங்கு, ஆகவே கிண்ட வருபவர்களிடம் வேண்டாமென்று முதலே சொல்லிவையுங்கள். அடம்பன் கொடியை வெட்டி ஈர மணலில் புதைத்தால் கணுவுக்குக் கணு வேர்விட்டு ஓடும். இடையிடையே இராவணன் மீசை என்னும் கடற்கரைப் புல்லும் வைத்தோம். செலவெல்லாம் வேலிக்குத்தான், கட்டாக்காலி மாடுகள் இளம்பனையான வடலியின் குருத்தை விட்டுவைக்காது.

சவுக்கின் தடித்த சருகு அடியில் வேறு செடிகளை எளிதில் எழும்ப விடாது. பனையென்றால் ஓலையின் அடியில் பனை உழவாரன் குருவி கூடு ஒட்டும், தூக்கணாங்குருவி கூடு தொங்கவிடும். வடலிக்குள் முயலும் உடும்பும் ஒதுங்கும். ஆனால் இதைப் பக்கத்துப் பனங்கூடலைப் பார்த்துத்தான் சொல்கிறேன். எங்கள் வடலிகள் இன்னும் இடுப்பளவு. பனை காய்க்கப் பத்துப் பதினைந்து ஆண்டுக்கு மேலும் ஆகும், அதுவரை வருமானத்தை எதிர்பார்க்க முடியாது.

மாரியில் நீர் தேங்கும் ஆழக் குழியில் நாங்கள் எதையும் நட்டுப் பார்த்ததில்லை. அங்கே குப்பை கொட்டி நிரப்ப மட்டும் விடாதீர்கள். அதன் கசிவு நேரே கிணற்றுக்குத்தான் போகும்.