டெதர் ஷூட்டிங் ஏன் இழுக்குது? லைட்ரூம் கிளாசிக்கும் 5டி மார்க் 4-ம் வச்சு பல சீசன் ஓட்டுன அனுபவம்

திருப்பூர்ல பனியன் கம்பெனிகளுக்கு கேட்லாக் ஷூட் பண்றவங்களுக்கு டெதர், அதாவது கேமராவ கேபிள்ல கம்ப்யூட்டரோட சேத்து எடுக்கற படம் உடனே ஸ்கிரீன்ல விழற மாதிரி ஷூட் பண்றது, இல்லாம வேலை நடக்காதுங்க. கம்பெனில ஆர்டர் வேலையப் பாத்துக்கற மெர்ச்சண்டைசர் பக்கத்துல நின்னுட்டு மானிட்டரப் பாத்து காலர் சாஞ்சிருக்கு, சைடு சீம் தெரியல, இந்தக் கலர் இப்படி இல்லைன்னு அங்கயே சொல்லிருவாங்க, ஆர்டர் குடுக்கற பையருக்குப் படம் போன அப்பறம் திரும்ப வந்து நிக்கற வேலை மிச்சம். ஆனா ஷட்டர் அமுக்குனதுக்கும் ஸ்கிரீன்ல படம் விழறதுக்கும் நடுவுல அஞ்சாறு செகண்ட் ஓடுச்சுன்னா ஒரு ஸ்டைலுக்கு எட்டு பத்து கலர் இருக்கற நாள்ல எல்லாரோட பொறுமையும் போயிரும்.

நான் யூஸ் பண்றது கேனான் 5டி மார்க் 4 கேமரா, விண்டோஸ் லேப்டாப், படத்த அடுக்கி வச்சு எடிட் பண்ற அடோபியோட லைட்ரூம் கிளாசிக் சாஃப்ட்வேர். இந்த செட்டப்ப ரொம்ப நாளா ஓட்டிட்டு இருக்கேன், ஸ்லோன்னு சொல்லி யார் கேட்டாலும் எல்லாரும் முதல்ல சொல்றது சாஃப்ட்வேர மாத்துங்கறதுதான், இல்லன்னா ராம் போடுங்கறது. ரெண்டுமே அவசரப்பட்டு சொல்றதுங்க. படம் கேமரால இருந்து கேபிள்ல வந்து, டிஸ்க்ல எழுதி, அப்பறம் பிரிவியூ (ஸ்கிரீன்ல காட்டறதுக்குன்னு சாஃப்ட்வேர் வச்சுக்கற நகல்) ரெடியாகி ஸ்கிரீனுக்கு வரணும், இதுல எந்த இடத்துல நிக்குதுன்னு தெரியாம காசு போட்டா காசுதான் போகும்.

கண்டுபிடிக்கறது சிம்பிள். லைட்ரூம சுத்தமா மூடிட்டு கேமராவ கம்ப்யூட்டர்ல இருந்து இயக்கற கேனானோட ஈஓஎஸ் யூட்டிலிட்டி சாஃப்ட்வேர மட்டும் திறந்து ஒரு காலி ஃபோல்டருக்கு ஷூட் பண்ணிப் பாருங்க. அதுல படம் டக்குனு வந்துட்டா கேமரா, கேபிள், போர்ட் எல்லாம் நல்லா இருக்கு, பிரச்சனை லைட்ரூம் பக்கம். அதுலயும் இழுத்துச்சுன்னா லைட்ரூம் செட்டிங்ஸ்ல ராத்திரி பூரா உக்காந்தாலும் ஒண்ணும் ஆகாது. இந்த ஒரு டெஸ்ட்தான் எனக்கு அதிக நேரத்த மிச்சம் பண்ணிக் குடுத்திருக்கு.

கேபிள் சமாச்சாரத்த கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா நான் பாத்த வரைக்கும் பாதிக்கு மேல இங்கதான். 5டி மார்க் 3 யூஎஸ்பி 2.0, மார்க் 4-ல யூஎஸ்பி 3.0 மைக்ரோ பி சாக்கெட், ரெண்டு பாகமா அகலமா இருக்கும் பாருங்க அது. அந்த சாக்கெட்டோட பெரிய பாகத்துல பழைய ஆண்ட்ராய்டு போன் சார்ஜர் கேபிள் கச்சிதமா உக்காரும், கேமராவும் கனெக்ட் ஆகும், படமும் வரும், ஆனா ஓடறது யூஎஸ்பி 2.0 ஸ்பீடுல. பேப்பர்ல அது 480 மெகாபிட், நிஜத்துல செகண்டுக்கு 30, 40 எம்பி வந்தா பெருசு. மார்க் 4 ரா ஃபைல் (சென்சார்ல பதிஞ்சத அப்படியே வச்சிருக்கறது) ஒண்ணு ஏறக்குறைய 37 எம்பி, கூட ஜேபெக்கும் வச்சா இன்னும் ஏறும். மெனுல டூயல் பிக்சல் ரா (ஃபோகஸ அப்பறமா லேசா திருத்த கூடுதல் தகவலும் சேத்து வைக்கறது) ஆன்ல இருந்துச்சுன்னா ஃபைல் சைஸ் கிட்டத்தட்ட டபுள். துணி ஷூட்டுக்கு அது தேவையே இல்ல, ஆஃப் பண்ணிருங்க.

நீளமும் முக்கியம். யூஎஸ்பி 3.0 சாதா கேபிள் 3 மீட்டர் வரைக்கும் நம்பலாம், அதுக்கு மேல போனா நல்ல தரமான கேபிளா இருக்கணும், இல்ல நடுவுல பவர் எடுக்கற ஆக்டிவ் எக்ஸ்டென்ஷன் வேணும். சிக்னல் வீக்கா இருந்தா எரர் எதுவும் காட்டாம தானாவே 2.0-க்கு இறங்கிக்கும், இதுதான் கண்ணுக்கே தெரியாத வில்லங்கம். மேக்ல சிஸ்டம் இன்ஃபர்மேஷன்ல யூஎஸ்பி பக்கம் போனா கேமரா பேருக்கு நேரா 5 ஜிகாபிட்டா 480 மெகாபிட்டான்னு போட்டிருக்கும், விண்டோஸ்ல யூஎஸ்பி டிவைஸ் ட்ரீ வியூவர்னு ஒரு இலவச டூல் இருக்கு, அதுல பாருங்க. டெஸ்க்டாப்னா முன்னாடி பேனல் போர்ட்ட விட்டுட்டு பின்னாடி மதர்போர்டுலயே இருக்கற போர்ட்ல சொருகுங்க, நடுவுல ஹப் வேண்டாம்.

இன்னொண்ணு நிறைய பேர் கவனிக்காதது: யூஎஸ்பி 3.0 ஓடும்போது வயர்லெஸ் சாமான் ஓடற 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ரேடியோ இரைச்சல் கிளப்பும், இன்டெல்லே 2012-ல இதப்பத்தி ஒரு பேப்பர் போட்டிருக்காங்க. வயர்லெஸ் மவுஸ் டாங்கிள் பக்கத்து போர்ட்லயே இருந்தா கர்சர் தாவும், அதப் பாத்துட்டு லேப்டாப் ஹேங்க் ஆகுதுன்னு நெனச்சுக்குவாங்க. ஃபிளாஷ வயர் இல்லாம அடிக்க வைக்கற ரேடியோ ட்ரிக்கர் நெறைய அதே பேண்ட்லதான், அதனால ஃபிளாஷ் விட்டு விட்டு அடிச்சா கேபிளையும் சந்தேகப்படுங்க.

நடுநடுவுல கனெக்ஷன் கட்டாகறது வேற கதை. விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸ்ல யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை (சும்மா இருக்கற யூஎஸ்பி சாமான தூங்க வைக்கறது) ஆஃப் பண்ணுங்க, கேமரால ஆட்டோ பவர் ஆஃப டிஸேபிள் பண்ணுங்க, பேட்டரிக்கு பதிலா டிஆர்-ஈ6 டம்மி பேட்டரி போட்டு கரண்ட்ல ஓட்டுங்க. லேப்டாப்பும் சார்ஜர்லயே இருக்கணும், பேட்டரில ஓடுனா ப்ராசசர் வேகத்த அதுவே குறைச்சுக்கும். மேக்காரங்களுக்கு கேமரா சொருகுன உடனே போட்டோஸ் ஆப் திறந்து கேமராவ புடிச்சுக்கும், அத மூடுனாதான் மத்த சாஃப்ட்வேருக்கு வழி கிடைக்கும்.

இனி லைட்ரூம் பக்கம். கேட்டலாக், அதாவது படங்களப் பத்தின விவரத்தயும் எடிட்டையும் லைட்ரூம் எழுதி வைக்கற ஃபைல், எங்க இருக்குன்னு முதல்ல பாருங்க, ஏன்னா பிரிவியூ ஃபைல் எல்லாம் சாதாரணமா கேட்டலாக் பக்கத்துலயேதான் உக்காரும். கேட்டலாக் பழைய சுத்தற ஹார்ட் டிஸ்க்ல இருந்தா படம் எஸ்எஸ்டில இருந்தும் பிரயோஜனம் இல்ல. அப்பறம் கேட்டலாக் செட்டிங்ஸ்ல மாற்றங்கள எக்ஸ்எம்பில (ரா ஃபைலுக்குப் பக்கத்துல உக்கார்ற சின்ன குறிப்பு ஃபைல்) தானா எழுதற ஆப்ஷன், அத ஷூட் நேரத்துல ஆஃப் பண்ணுங்க, ஒவ்வொரு ரேட்டிங் போடும்போதும் டிஸ்க்குக்கு ஓடிட்டு இருக்கும். டெதர் பார்ல டெவலப் ப்ரீசெட் (முன்னாடியே சேத்து வச்ச எடிட் செட்டிங்ஸ்) ஒண்ணு செலக்ட் பண்ண இடம் இருக்கு, அதுல நாய்ஸ் ரிடக்ஷனும் ஏஐ மாஸ்க்கும் இருக்கற ப்ரீசெட்ட போட்டுட்டு ஸ்லோன்னு சொன்னா லைட்ரூம் பாவம். ஒயிட் பேலன்ஸ், ப்ரொஃபைல், இது ரெண்டு மட்டும் இருந்தா போதும். ஷூட் நடக்கும்போது படங்கள வரிசையா பாக்கற லைப்ரரிலயே இருங்க, எடிட் பண்ற டெவலப்ல இருந்தீங்கன்னா ஒவ்வொரு படத்துக்கும் ராவ திரும்ப ரெண்டர் பண்ணணும்.

வைரஸ் ஸ்கேனும் ஒரு காரணம்தான், புதுசா வர்ற ஒவ்வொரு ஃபைலையும் விண்டோஸோட டிஃபெண்டர் தொட்டுப் பாத்துட்டுதான் விடும். ஷூட் ஃபோல்டர மட்டும் எக்ஸ்க்ளூஷன்ல போட்டா போதும், மொத்தமா ஆஃப் பண்ணாதீங்க.

இவ்வளவும் பண்ணியும் எனக்கு திருப்தியா இருக்கற வழி, ஈஓஎஸ் யூட்டிலிட்டில ஷூட் பண்ணி லைட்ரூம்ல ஆட்டோ இம்போர்ட் வைக்கறதுதான், அதாவது வாட்ச் ஃபோல்டர்னு ஒரு ஃபோல்டர லைட்ரூம் பாத்துட்டே இருந்து அதுல விழற படத்த தானா எடுத்துக்கும். ஒரே ஒரு விண்டோ அதிகம், அவ்வளவுதான், ஆனா லைட்ரூம் எங்கயாவது திணறுனாலும் படம் பாட்டுக்கு ஃபோல்டர்ல விழுந்துட்டே இருக்கும், ஷூட் நிக்காது. இதுல சில கண்டிஷன் இருக்கு. செட்டப் பண்ணும்போது வாட்ச் ஃபோல்டர் காலியா இருக்கணும். சப் ஃபோல்டர லைட்ரூம் பாக்காது, அதனால யூட்டிலிட்டி தேதி பேர்ல ஃபோல்டர் போடறத நிறுத்திருங்க. முக்கியமா வாட்ச் ஃபோல்டரும் படம் கடைசியா போய்ச் சேர்ற ஃபோல்டரும் ஒரே டிரைவ்ல இருக்கணும், ஒரே டிரைவ்னா ஃபைலோட அட்ரஸ் மட்டும் மாறும், கண்ணிமைக்கற நேரம், வேற டிரைவ்னா 37 எம்பியும் காப்பி ஆகி அப்பறம் அழியணும், இது ஒவ்வொரு படத்துக்கும்.

பிரிவியூ என்ன வைக்கறதுங்கறதுல எனக்கு இன்னும் முழுசா மனசு ஒப்பல. வேகத்துக்கு, கேமரா ஃபைலுக்குள்ள வச்ச ஜேபெக்கையே காட்டற எம்பெடட் அண்ட் சைட்கார்தான் பெஸ்ட், 2017 அக்டோபர்ல கிளாசிக்னு பேர் மாத்தி வந்தப்பவே இத நல்லா வேகமாக்கிட்டாங்க. கேனானோட ரா ஃபைலான சிஆர்2-க்குள்ளயே ஃபுல் சைஸ் ஜேபெக் இருக்கறதால ஜூம் பண்ணி ரிப்பு, தையல் எல்லாம் ஷார்ப்பா விழுந்திருக்கான்னும் உடனே பாத்துக்கலாம். ஆனா அந்த ஜேபெக்ல இருக்கறது கேமராவோட பிக்சர் ஸ்டைல் (கேமராவே போடற கலர், கான்ட்ராஸ்ட் செட்டிங்) கலர். லைட்ரூம் தன்னோட பிரிவியூவ கட்டுன உடனே அதோட வழக்கமான ப்ரொஃபைலான அடோபி கலருக்கு மாறிரும், மெரூன், டீல், நேவி மாதிரி துணில இது பளிச்சுனு தெரியும், மெர்ச்சண்டைசர் ஒரு கலர ஓகே பண்ணிட்டுப் போனப்பறம் ஸ்கிரீன்ல வேற கலர் நிக்கும். துணி வேலைல கலர் மாறுனா அது வேற சரக்குங்க. அதனால கேமரால பிக்சர் ஸ்டைல் நியூட்ரல், லைட்ரூம்ல ப்ரொஃபைல் கேமரா நியூட்ரல், ரெண்டையும் ஜோடியா வச்சிருக்கேன். வித்தியாசம் நல்லா குறையுது, சுத்தமா போகறதில்ல. கலர் அப்ரூவல் மட்டும் ஸ்டைலுக்கு ஒரு படத்துல லைட்ரூம் பிரிவியூ கட்டுனப்பறம் வாங்கிக்கறேன், மத்ததுக்கு வேகமான வழி.

கார்டுல இருந்து மொத்தமா இம்போர்ட் பண்ற நாள்ல கேமரா கேபிள் வேண்டாம், நல்ல யூஎஸ்பி 3.0 கார்டு ரீடர் வாங்குங்க. இம்போர்ட் ஸ்கிரீன்ல டிஎன்ஜியா (அடோபியோட ரா ஃபார்மட்) மாத்தறது, 1:1 பிரிவியூ (முழு சைஸ் நகல்), ஸ்மார்ட் பிரிவியூ (எடிட் பண்ணக்கூடிய சின்ன நகல்) எல்லாத்தையும் டிக் பண்ணிட்டு உக்காந்தா சாயங்காலம் ஆயிரும். மொதல்ல படம் வரட்டும், 1:1-ஐ சாப்பிடப் போகும்போது போட்டுட்டுப் போங்க.

லைட்ரூமுக்கு மாற்றா இருக்கற கேப்சர் ஒன் பத்தியும் கேப்பாங்க. டெதருக்குன்னே நல்லா வளத்த சாஃப்ட்வேர், செஷன் முறைல ஒரு கிளையண்டுக்கு ஒரு ஃபோல்டர்னு போறது ஸ்டுடியோ வேலைக்கு அழகா பொருந்தும், புதுசா ஆரம்பிக்கறவங்க தாராளமா போகலாம். எனக்கு பழைய சீசன் பூரா லைட்ரூம்ல இருக்கு, பையர் ரெண்டு வருஷம் கழிச்சு அதே ஸ்டைல ரிப்பீட் ஆர்டர்னு கேக்கறப்ப தேடி எடுக்க அதுதான் வேணும். சீசனுக்கு ஒரு கேட்டலாக்னு பிரிச்சு, முடிஞ்ச சீசனோட 1:1 பிரிவியூவ டிஸ்கார்ட் பண்ணிட்டா எஸ்எஸ்டில அடுத்ததுக்கு இடமும் கிடைச்சிருது.