ரோட்டரி எஞ்சின் சைடு ஹவுசிங்கை வீட்டிலேயே தேய்க்க: கிரானைட் பிளேட்டும் லாப்பிங் கிட்டும், என் அனுபவம்

வண்டி மாஸ்டா ஆர்எக்ஸ்-7 எஃப்சி, எஞ்சின் 13பி, பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் ரோட்டரி எஞ்சின். இங்கே சிட்னியில் ரோட்டரி பைத்தியங்களுக்குக் குறைவே இல்லை, ஆனால் ரோட்டரைப் பக்கவாட்டில் மூடும் வார்ப்பிரும்புச் சுவரான சைடு ஹவுசிங்கைத் தேய்த்துக் கொடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் வரிசை நீளம், புது ஹவுசிங் விலையோ கேட்கவே வேண்டாம். அதனால் 18க்கு 12 அங்குலத்தில் ஒரு கிரானைட் சர்ஃபேஸ் பிளேட்டும் (மிகத் தட்டையான கல் பலகை), ஆன்லைனில் ‘ரோட்டரி லாப்பிங் கிட்’ (லாப்பிங் என்றால் தட்டையாகத் தேய்ப்பது) என்று விற்கிற பெட்டி ஒன்றும் வாங்கினேன். பிளேட்டைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். கிட் வேண்டாம்.

வாங்குவதற்கு முன்னால் அளந்து பாருங்கள், அதுதான் முக்கியம். சைடு சீல் (ரோட்டரின் பக்கவாட்டில் வாயு கசியாமல் தடுக்கும் பட்டை) ஓடி ஓடித் தேய்ந்த இடம் ஒரு படி மாதிரி இறங்கியிருக்கும், நகத்தால் வருடினாலே தட்டும். டயல் கேஜ் வைத்து அந்தப் படியின் ஆழத்தைப் பாருங்கள். மாஸ்டா மேனுவலில் தேய்மானத்துக்கு எல்லை 0.10 மி.மீ., வளைவுக்கு 0.04 மி.மீ. வளைவைப் பார்க்க ஸ்ட்ரெயிட் எட்ஜும் (துல்லியமான நேர்ச்சட்டம்) ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) போதும். என்னுடையது எல்லைக்கு உள்ளேதான் இருந்தது, அதனால்தான் கையால் தேய்க்கவே துணிந்தேன். படி எல்லையைத் தாண்டியிருந்தால் கையால் தேய்க்க உட்காராதீர்கள், அதை மெஷினில் கொடுப்பதுதான் சரி, ஏனென்றால் அவ்வளவு இரும்பைக் கையால் எடுக்கும்போது ஓரங்கள் கட்டாயம் சரிந்துவிடும்.

இப்போது பிளேட். மூன்று அங்குலக் கனம், எடை சுமார் 30 கிலோ, ஆடாத மேஜை வேண்டும். இதைத் தவிர வேறு எதை அடியில் வைத்தாலும் நான் நம்ப மாட்டேன், ஜன்னல் கண்ணாடி உட்பட. மெல்லிய கண்ணாடி மேஜையின் வளைவுக்கு ஏற்பத் தானும் வளையும், அந்த வளைவு அப்படியே ஹவுசிங்கில் ஏறும். கிரானைட் வளையாது. ஒரே குறை அளவுதான். 13பியில் ரோட்டர் ஓடும் இடமே நீளவாக்கில் 240 மி.மீ., ஹவுசிங்கின் வெளி விளிம்பு அதைவிடப் பெரிது, அதனால் 12 அங்குல அகலத்தில் எட்டு போடுவது போலச் சுழற்றித் தேய்க்க இடம் போதவில்லை. இடமும் காசும் இருந்தால் 18க்கு 24 எடுங்கள், ஆனால் தூக்க இரண்டு பேராவது வேண்டும்.

தேய்ப்பதற்கு முன்னால் டவல் பின்களை (ஹவுசிங்குகளை இடம் மாறாமல் பொருத்தி வைக்கும் முளைகள்) கழற்ற வேண்டும். முன், பின் ஹவுசிங்குகளில் ஸ்டேஷனரி கியர் (சுழலாமல் நிற்கும் பல்சக்கரம்) முகப்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதையும் கழற்றாமல் ஹவுசிங் பிளேட்டில் உட்காராது. வாட்டர் பேப்பரை (ஈரத்திலும் தேய்க்கக்கூடிய உப்புத்தாள்) பிளேட்டில் சுருக்கமே இல்லாமல் ஒட்டி, மண்ணெண்ணெய் விட்டு, ஹவுசிங்கின் முகத்தில் மார்க்கரால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டுவிட்டுத் தேய்க்க ஆரம்பிக்கவும். அவ்வப்போது கால் வட்டம் திருப்பி வைக்க வேண்டும், இல்லையென்றால் கை அழுத்தம் விழும் பக்கம் மட்டும் இறங்கும். கோடு எங்கே அழிகிறதோ அங்கே மேடு, எங்கே அப்படியே நிற்கிறதோ அங்கே பள்ளம். என் ஹவுசிங்கில் ஸ்பார்க் பிளக் பக்கம் இரண்டு விரல் அகலத்துக்குக் கோடு கடைசிவரை பிடிவாதமாக நின்றது. அது மங்கி, முகம் முழுக்க ஒரே சாம்பல் நிறம் வந்ததும் அதோடு நிறுத்திவிட்டேன். கையை எடுக்க மனசே வராது, ஆனாலும் எடுத்துவிட வேண்டும். ஏனென்றால் 1986க்குப் பிந்திய 13பியில் கூலன்ட் சீல் (குளிரூட்டும் நீர் கசியாமல் தடுக்கும் வளையம்) உட்காரும் பள்ளம் சைடு ஹவுசிங்கிலேயே இருக்கிறது. அதனால் முகத்தைத் தேய்க்கத் தேய்க்க அந்தப் பள்ளத்தின் ஆழமும் குறையும். அதற்கு முந்திய எஞ்சின்களில் பள்ளம் ரோட்டர் ஹவுசிங்கில் (ரோட்டரைச் சுற்றியிருக்கும் நடு ஹவுசிங்) இருப்பதால் இந்தக் கவலை இல்லை. ரோட்டருக்கும் சுவருக்குமான இடைவெளியை நினைத்துப் பலர் பயப்படுவதைப் பார்த்திருக்கிறேன், அது மாறாது. அதைத் தீர்மானிப்பது ரோட்டர் ஹவுசிங்கின் 80 மி.மீ. அகலம்.

சரி, கிட்டுக்கு வருவோம். உள்ளே ஒட்டும் பசை தடவிய வாட்டர் பேப்பர், ஒரு டப்பா லாப்பிங் பேஸ்ட், ஒரு சின்ன அலுமினியக் கட்டை. மண்ணெண்ணெய் பட்டதும் பசை விட்டுப்போய் பேப்பரின் ஓரம் எழும்பியது, எழும்பிய ஓரம் முகத்தில் கோடு கிழித்தது. கடைத்தெருவில் விற்கும் சாதாரண வாட்டர் பேப்பரும் தனியாக ஒரு ஸ்பிரே பசையும் இதைவிட எவ்வளவோ மேல். பேஸ்டை நான் தொடவே இல்லை. அந்தத் துகள் கிரானைட்டையும் தின்னும், வார்ப்பிரும்பின் நுண்துளைக்குள்ளும் போய் உட்காரும், அப்புறம் சீல்களை அரைக்கும்.

என்னைக் கோபப்படுத்தியது பேஸ்ட் அல்ல, பெட்டியில் இருந்த குறிப்பு. அந்தக் கட்டையை வைத்து ரோட்டர் ஹவுசிங்கின் உள் முகத்தையும் தேய்க்கலாம் என்று போட்டிருக்கிறார்கள். செய்யவே செய்யாதீர்கள்! அது அலுமினிய வார்ப்பு, உள்ளே தகட்டின் மேல் குரோமியப் பூச்சு, ரோட்டரின் முனைகளில் இருக்கும் அபெக்ஸ் சீல் ஓடுவது அந்தப் பூச்சின் மேல்தான். உரிந்த குரோமை உப்புத்தாள் திரும்பக் கொண்டுவராது, நன்றாக இருக்கும் குரோமையும் சேர்த்து எடுத்துவிடும். கறையைத் துடைக்கலாம், அவ்வளவுதான். விற்பவருக்கு எழுதினேன், பதில் இல்லை.

வேலை முடிந்ததும் வெந்நீரும் சோப்பும் போட்டு, எண்ணெய்த் துளை, தண்ணீர் வழி எல்லாவற்றிலும் பிரஷ் விட்டுக் கழுவி, வெள்ளைத் துணியில் கறுப்பு படாத வரைக்கும் துடைக்க வேண்டும். உடனே காற்றடித்துக் காயவைத்து எண்ணெய் பூசுங்கள், பூச்சில்லாத வார்ப்பிரும்பு கண் முன்னாலேயே துருப்பிடிக்கும். தேய்த்ததில் மேலிருந்த மெல்லிய நைட்ரைடிங் படலமும் (சூட்டில் நைட்ரஜன் ஏற்றிக் கடினமாக்கிய மேற்பரப்பு) போயிருக்கும். நைட்ரைடிங் இல்லாமலே ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், நான் அனுப்பிச் செய்து வாங்கினேன். சூட்டில் போய் வந்த இரும்பு என்பதால் பூட்டுவதற்கு முன்னால் அதே ஸ்ட்ரெயிட் எட்ஜை மறுபடி வைத்துப் பாருங்கள்.