ப்ளெய்ட்ஸ்: விலையைப் பாகங்களில் தேடக் கூடாத ஒரு கருவி

பாரிஸில் எமிலி ஜிலே நடத்திவந்த ம்யூட்டபிள் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் என்னும் சிறு நிறுவனம் 2018இல் வெளியிட்ட, ப்ளெய்ட்ஸ் என்னும் மின்னணு இசைக்கருவிப் பகுதியை (மாட்யூல்), அந்த நிறுவனம் தன் பணியை நிறுத்திக்கொண்ட பிறகு, சென்னையில் ஓர் இசைக்கலைஞரிடமிருந்து பழைய பொருளாக வாங்கினேன். இரண்டு ஆண்டுகளாக அதை வாசித்துவருகிறேன். புதிதாக விற்றபோது அதன் விலை 200 யூரோவுக்குச் சற்று மேல் இருந்தது. “உள்ளங்கையகலப் பலகைக்கு இவ்வளவா?” என்று நண்பர்கள் பலர் கேட்டார்கள். நானும் சிறு அளவில் இசைக்கருவி செய்து விற்பவன் என்பதால், அந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் இந்தக் கருவியைப் பற்றி எழுதுவது முழுமையாகாது என்று நினைக்கிறேன்.

முதலில் ஒலி. ப்ளெய்ட்ஸ் ஓர் ஒலிமூலம். பல மாட்யூல்களை ஒரே பெட்டியில் பொருத்துவதற்கான பொது அளவுமுறைக்கு யூரோராக் என்று பெயர். அந்தப் பெட்டியில் மற்ற மாட்யூல்களோடு வயர்களால் இணைத்து வாசிக்க வேண்டியது இது. வெளிவந்தபோது அதில் 16 ஒலி மாதிரிகள், அதாவது ஒலியை உருவாக்கும் வெவ்வேறு முறைகள், இருந்தன. பின்னர் வந்த ஃபர்ம்வேர், அதாவது கருவிக்குள் ஓடும் நிரலின் புதிய பதிப்பு, அவற்றை 24 ஆக்கியது. எல்லா மாதிரிகளுக்கும் ஹார்மோனிக்ஸ், டிம்பர், மார்ஃப் என்ற அதே மூன்று குமிழ்கள்தாம். மாதிரி மாறும்போது அவற்றின் பொருளும் மாறுகிறது. ஆனால் எந்த மாதிரியிலும் குமிழின் ஒரு கோடி முதல் மறுகோடி வரை உதவாத இடம் என்று ஒன்று அநேகமாக இல்லை. ஒவ்வொரு குமிழையும் எவ்வளவு திருப்பினால் எவ்வளவு மாற வேண்டும் என்பதைக் காதால் கேட்டுக் கேட்டு ஒருவர் தீர்மானித்திருக்கிறார் என்பது வாசிக்கும் விரலுக்குத் தெரிந்துவிடுகிறது.

என் மனத்துக்கு மிக நெருங்கியது தந்தி மாதிரி. அதில் மார்ஃப் குமிழ் தந்தியின் அதிர்வு எவ்வளவு நேரம் நிற்கும் என்பதையும், டிம்பர் மீட்டலின் கூர்மையையும், ஹார்மோனிக்ஸ் தந்தியின் இயல்பு எவ்வளவு உலோகத்தன்மைக்குச் சாயும் என்பதையும் ஆள்கின்றன. ஒன்றரைக் கட்டைக்குச் சுருதி சேர்த்து, மார்ஃபை முக்கால் பங்குக்கு மேல் ஏற்றி, மந்தமான தாளத்தில் தூண்டினால் பஞ்சமம், மேல் ஷட்ஜம், மேல் ஷட்ஜம், கீழ் ஷட்ஜம் என்று ஒன்றன்மேல் ஒன்று படிந்து நிற்கிறது. அது தம்புரா ஆகாது. தந்திக்கும் குதிரைக்கும் இடையே வைக்கும் ஜீவாளி நூலின் ரீங்காரம் அதில் இல்லை. ஆயினும் அதன்மேல் ஒரு மணி நேரம் சாதகம் செய்தாலும் காது களைப்பதில்லை.

குறையும் உண்டு. பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே குமிழைத் திருப்பிச் செய்யும் அமைப்புகளைப் பற்றி முகப்பில் ஒரு குறிப்பும் இல்லை. கையேட்டைப் படித்தவர்களுக்கே அவை தெரியும். மேடையில் ஒருமுறை தவறுதலாக அந்த அமைப்பு மாறிவிட, ஒலி ஏன் இப்படிச் சட்டென்று அடங்குகிறது என்று புரியாமல் தவித்தேன்.

இனி விலை. முகப்பில் உள்ளவற்றை எண்ணினால் வயர் செருகும் 10 ஜாக், 7 குமிழ், 2 பொத்தான், 8 விளக்கு. உள்ளே நிரலை இயக்கும் ஓர் எஸ்டிஎம்32 கணினிச் சில்லும் அதைச் சுற்றிய சிறு பாகங்களும். இவற்றைச் சில்லறையில் வாங்கினாலும் விற்ற விலையில் ஒரு பகுதிதான் வரும். இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு, மீதியெல்லாம் லாபம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். என் கைப்பணம் கரைந்த பிறகுதான் அது தவறு என்று கண்டுகொண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் மின்னழுத்தத்தால் சுருதி மாறும் யூரோராக் கருவிகளுக்கு நம் சுருதி முறைப்படி ஷட்ஜ, பஞ்சம மின்னழுத்தம் கொடுக்கும் ஒரு சிறு பெட்டியை 25 எண்ணிக்கையில் செய்தேன். ஒரு பெட்டிக்குப் பாகங்கள் 3,800 ரூபாய். ஏறக்குறைய அதைப்போல் இரண்டு பங்கு வைத்தால் போதும் என்று 7,500 ரூபாய் விலை வைத்தேன். கணக்கில் சேர்க்க மறந்தது, தயாரிப்புக்கு முன்பே செலவாகிவிட்ட 60,000 ரூபாயை: சரிவராமல் தூக்கிப் போட்ட மூன்று மாதிரிப் பலகைகள், அலுமினிய முகப்புக்கான அச்சுக்கூலி, ஒவ்வொரு பெட்டியையும் சோதிக்க நானே செய்த கருவி. 1,000 பெட்டி விற்றிருந்தால் அது தலைக்கு 60 ரூபாய்தான். 25 பெட்டியில் 2,400 ரூபாய். அட்டைப்பெட்டிக்கும் கூரியருக்கும் 400. ஆக அடக்கமே 6,600. மீதி 900 ரூபாய்க்கு ஒவ்வொரு பெட்டிக்கும் மூன்று மணி நேரம் பற்றவைத்துச் சுருதி பார்த்தேன். மூன்று பெட்டிகள் குமிழ் பழுதாகித் திரும்பி வந்தபோது, அவற்றுக்கான இருவழிக் கூரியரும் அந்த 900இல்தான் கழிந்தது. இசைக்கருவிக் கடைக்காரர் ஒருவர் மூன்றில் ஒரு பங்கு தமக்கு வேண்டும் என்றார். அவர் கேட்டது நியாயமான கழிவுதான். ஆனால் 7,500இல் அதைக் கொடுத்தால் என் கைக்கு வருவது 5,000. அடக்கத்தைவிட 1,600 ரூபாய் குறைவு. கடைக்குக் கொடுக்கவே முடியாத விலையை நானே வைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெட்டியின் சரியான விலை 12,500. கடைக்காரரின் பங்கு போக ஏறக்குறைய 8,330 வந்திருக்கும். அடக்கம் போக மிஞ்சும் 1,700 சொச்சம் மூன்று மணி நேரக் கைவேலைக்கும் பழுதுபார்ப்புக்கும் ஈடாகியிருக்கும்.

இந்தக் கண்ணோடு பார்க்கும்போது ப்ளெய்ட்ஸின் விலை எனக்கு அதிகமாகத் தோன்றவில்லை. அதன் முன்னோடியான ப்ரெய்ட்ஸ் 2013இல் வந்தது. அதில் கற்றதையெல்லாம் வைத்து நிரலைப் புதிதாக எழுதியதன் விளைவே இது. அந்த ஆண்டுகளின் உழைப்பு எந்தப் பாகப் பட்டியலிலும் இடம்பெறாது. விற்ற பின்னும் புதிய ஒலி மாதிரிகளை இலவசமாகக் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2021இல் உலகெங்கும் சில்லுத் தட்டுப்பாடு வந்து, எஸ்டிஎம்32 வகைச் சில்லுகள் பல மடங்கு விலைக்குப் போனபோது, ஆயிரக்கணக்கில் முன்பதிவு செய்யும் பெரிய நிறுவனங்களுக்கு அடுத்தபடியாகத்தான் சிறு தயாரிப்பாளர்கள் வரிசையில் நிற்க நேர்ந்தது. அத்தகைய அடியைத் தாங்க விலையில் கொஞ்சம் இடம் இருந்தே ஆக வேண்டும்.

இதே நிரலையும் மின்சுற்றையும் வைத்து மற்றவர்கள் செய்யும் மாட்யூல்கள் இன்று இதைவிட மலிவாகக் கிடைக்கின்றன. நிரலையும் மின்சுற்றுப் படத்தையும் திறந்த உரிமத்தில் கொடுத்தவர் ஜிலேயே; தம் நிறுவனத்தின் பெயரை மட்டும் பிறர் பயன்படுத்தக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். ஆகவே அவற்றை வாங்குவதில் தவறேதும் இல்லை. அசல் இனிப் புதிதாகக் கிடைக்காது என்பதால் பலருக்கு அதுவே வழியும்கூட. ஆனால் அந்த மலிவு விலையைக் காட்டி அசலைச் செய்தவர் கொள்ளையடித்தார் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது. நகலின் விலையில் கண்டுபிடித்த செலவு இல்லை.

பழைய ப்ளெய்ட்ஸ் வாங்க நினைப்பவர்களுக்குச் சில சொற்கள். தனியாக இது ஒன்றுக்கும் உதவாது. பெட்டியும், கூட்டல் 12, கழித்தல் 12 வோல்ட் இரண்டையும் தரும் மின்வழங்கியும் ஏற்கெனவே இருப்பவர்களே வாங்கலாம். முகப்பு 12 ஹெச்பி, அதாவது ஆறு சென்டிமீட்டர் அகலம். சிறிய பெட்டியில்கூட இடம் கிடைக்கும். ஏழு குமிழ்களையும் மெல்லத் திருப்பி, ஒலி எங்கேனும் தாவுகிறதா என்று கேளுங்கள். ஒரு வோல்ட்டுக்கு ஒரு ஸ்தாயி என்பது கணக்கு; ஒரு வோல்ட்டும் மூன்று வோல்ட்டும் மாறி மாறிக் கொடுத்து, சுருதி சரியாக இரண்டு ஸ்தாயி நகர்கிறதா என்று பாருங்கள். நகராவிட்டால் அது பெரும்பாலும் பழுது அல்ல, அதே இரு மின்னழுத்தங்களை வைத்து மறுபடி அளவீடு செய்தால் சரியாகிவிடும். மின்வயரின் சிவப்புக் கோடு கழித்தல் 12 வோல்ட் பக்கம் இருக்கும்படி செருக வேண்டும்.

என் சுருதிப் பெட்டியின் இரண்டாம் தொகுதி இப்போது மேசையில் இருக்கிறது. விலைச்சீட்டில் 12,500 என்று எழுதியிருக்கிறேன். போன வாரம் வந்த முதல் அழைப்பிலேயே ஓர் இளைஞர், “அண்ணா, முன்னாடி ஏழாயிரத்து ஐநூறுதானே?” என்று கேட்டார். மேலே எழுதிய கணக்கை அவருக்கு வரிவரியாகச் சொன்னேன். ஒன்று எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறார்.