சிறு படகோட்டிகளுக்குச் சிங்கப்பூர் வானிலை ஆய்வகத்தின் மழை ரேடார்: ஒரு மதிப்பீடு

சாங்கியிலிருந்து புலாவ் உபின் பக்கமோ தென்தீவுகளை நோக்கியோ சிறு படகில் மீன்பிடிக்கச் செல்வோருக்கு, சிங்கப்பூர் வானிலை ஆய்வகம் தன் இணையத்தளத்தில் கட்டணமின்றி வழங்கும் சேவைகளில் மிகுந்த பயன் தருவது, எல்லாரும் முதலில் தேடும் 24 மணி நேர முன்னறிவிப்பு அன்று. மழை ரேடார் படமே என்பது என் உறுதியான கருத்து.

படம் 50, 240, 480 கிலோமீட்டர் ஆகிய மூன்று அளவுகளில் கிடைக்கிறது. தீவைச் சுற்றி இப்போது எங்கே மழை பெய்கிறது என்பதற்கு முதலாவது போதும். படகோட்டி பழகிக்கொள்ள வேண்டியது இரண்டாவதை. ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான மாதங்களில், இரவில் சுமத்ராவின் மீதோ மலாக்கா நீரிணையிலோ திரளும் இடிமேகங்கள் வரிசையாகக் கிழக்கு நோக்கி நகர்ந்து, பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலையிலோ நம்மை வந்தடைகின்றன. ‘சுமத்ரா’ எனப்படும் இந்தச் சூறைக்காற்று வழக்கமாக மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசும். 1984 ஏப்ரல் 25 அன்று தெங்காவில் பதிவான 144.4 கிலோமீட்டர் வேகம் இன்றுவரை மறக்கத்தக்கதன்று. 240 கிலோமீட்டர் படத்தில் இந்த மேக வரிசை வில்லாக வளைந்து வருவது தெளிவாகத் தெரியும். அது 100 கிலோமீட்டர் தொலைவில் இருந்து, மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்தால், கரை திரும்ப நமக்கு இரண்டு மணி நேரம் இருக்கிறது என்று நினைக்கத் தோன்றும். அப்படி நினைப்பது ஆபத்து. படம் காட்டுவது மழைத்துளிகளை மட்டுமே. மழைக்கு முன்னால் ஓடிவரும் காற்று அதில் தெரியாது. ஆகவே கணக்கிட்ட நேரத்தில் கணிசமான பகுதியைக் குறைத்துக்கொள்வதே முறை.

பிற்பகலில் தீவின் மேலேயே திடீரென உருவாகும் இடிமழைக்கு இந்த முன்னெச்சரிக்கை கிடைக்காது. அப்போது அதே தளத்தின் மின்னல் பதிவுப் பக்கமும், தென்தீவுகள், மேற்குத் தீவுகள், புலாவ் உபின், புலாவ் தேக்கோங் எனத் தனித்தனியே பிரித்துத் தரும் இரண்டு மணி நேர முன்னறிவிப்பும் கைகொடுக்கின்றன. நிலத்தில் இருப்பவருக்காகவே அமைந்த சேவை என்று பலர் எண்ணுவதால், இந்தத் தீவுப் பிரிப்பை இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

குறையும் உண்டு. மழைப் படத்தில் அலையின் உயரமோ நீரோட்டமோ இல்லை. வாடைக்காற்று வலுக்கும் டிசம்பர், ஜனவரியில், மழையே இல்லாத நாளிலும் சிங்கப்பூர் நீரிணையின் கிழக்கு வாயிலில் கடல் கொந்தளிக்கலாம். படமோ வெறுமையாக இருக்கும். 2001 டிசம்பர் 27 அன்று வாமெய் புயல், புயலே வராது என்று நம்பப்பட்ட நிலநடுக்கோட்டுப் பகுதியில், சிங்கப்பூருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் ஜொகூரில் கரை கடந்ததும் இதே பருவத்தில்தான். நீரிணையைத் தாண்டித் தென்சீனக் கடலுக்குள் செல்வோர், 518 கிலோஹெர்ட்ஸ் வானொலி அலைவரிசையில் எழுத்துவடிவில் வரும் ‘நவ்டெக்ஸ்’ எனப்படும் கடல் எச்சரிக்கைகளைப் பெறும் கருவியின்றிப் புறப்படக் கூடாது.

உள்ளூர் நீரிலேயே இருப்பவர் ரேடார் படத்துடன், கடல்துறை, துறைமுக ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடும் ஓத (கடல்நீர் ஏற்ற இறக்க) அட்டவணையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நீர் வற்றி ஓடும் திசைக்கு எதிராகக் காற்று வீசும் நேரத்தில், காற்றின் வேகம் மிதமாக இருந்தாலும் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். தாழ்ந்த விளிம்புள்ள படகுக்கு அந்த ஒன்றிரண்டு மணி நேரமே மிகக் கடினமானது.