ரேயான் துணியில் தைத்து உடுத்திய கோடைகள்

அண்மையில் வீட்டில் தைக்கப் பழகிவரும் தோழி ஒருவர், விலை இறங்கியிருக்கிறதே, வெயில் ஏறுவதற்குள் ரேயான் துணியை மொத்தமாக எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். தொலைபேசியில் நான் சொன்ன பதில் ஒரே சொல்லில் முடிந்துவிட்டது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் பல கோடைகளின் எரிச்சலும் அதே அளவு பிரியமும் இருப்பதால், காரணங்களை விரிவாக எழுதிவிடுவது அவருக்குச் செய்யும் நியாயம் என்று தோன்றியது. நான் திருச்சியில் வசிக்கிறேன். குர்த்தி, பலாசோ, நைட்டி மூன்றையும் பெரும்பாலும் ரேயானில்தான் தைத்து உடுத்துகிறேன்.

முதலில் சுகத்தைச் சொல்லிவிடுகிறேன். சித்திரை மாதத்தில் மதியம் இரண்டு மணிக்குப் பேருந்தில் நின்றுகொண்டு வந்தாலும் உடலோடு சண்டை போடாத துணி இது. மரக்கூழின் செல்லுலோஸைக் கரைத்து நூலாக்கப்படுவதால், பாலியஸ்டரைப் போல் வியர்வையை வெளியே நிறுத்தி வைப்பதில்லை. பருத்தி இயல்பான நிலையில் தன் எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடு ஈரத்தை வைத்திருக்கும் என்றால், ரேயான் 11 முதல் 13 விழுக்காடு வரை வைத்திருக்கும். தொட்டதும் உணரும் குளிர்ச்சிக்கு இதுவும் ஒரு காரணம். அதன் குழைவோ பருத்திக்கு வராது. சுருக்கு வைத்துத் தைத்த பாவாடைப் பகுதி உப்பிக்கொண்டு நிற்காமல் கீழ்நோக்கி வழிந்து விழும். இடுப்புச் சுற்றளவு கூடியவர்களுக்கு இது பெரிய உபகாரம். ஆனால் கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் இந்தப் புகழ்ச்சி சற்றுக் குறையும். இழுத்துக்கொண்ட ஈரத்தை ரேயான் மெதுவாகத்தான் விடும் என்பதால், சென்னையில் ஒரு நாள் வெளியே அலைந்தால் முதுகுப் பகுதி மாலைவரை ஈரமாகவே ஒட்டிக்கொண்டிருக்கும்.

இனி எரிச்சல். ரேயான் சுருங்கும் என்பது தைக்கிற எல்லோருக்கும் தெரியும். வெட்டுவதற்கு முன் நனைத்து உலர்த்த வேண்டும் என்பதும் தெரியும். நான் சொல்ல வருவது அதையல்ல. முறையாக ஓரிரவு நனைத்து, பிழியாமல் நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்டு, பிறகு அளவெடுத்து வெட்டித் தைத்த உடையும், மூன்றாவது நான்காவது சலவையில் மறுபடியும் கொஞ்சம் ஏறுகிறது. தன் சுருக்கத்தை ஒரே தவணையில் முடித்துக்கொள்ளாத துணி இது. உள்ளே பருத்தி லைனிங் கொடுத்துத் தைத்த குர்த்தியில்தான் இந்தக் குணத்தைக் கண்ணால் பார்க்கலாம். தைத்து முடித்தபோது லைனிங் வெளித்துணியைவிட ஓர் அங்குலம் மேலே இருந்தது. சில சலவைகளுக்குப் பின் இரண்டு விளிம்புகளும் ஒரே மட்டத்துக்கு வந்தன. அதற்கடுத்த மாதம் வெள்ளை லைனிங் கீழே எட்டிப் பார்க்கத் தொடங்கியது. லைனிங்கின் மடிப்பைப் பிரித்து மேலே ஏற்றித் தைத்தேன். வெளித்துணி அதற்கும் மேலே போனது.

காரணம் இழையிலேயே இருக்கிறது. தண்ணீர் பட்டால் ரேயான் இழை பருத்தி இழையைவிட அதிகமாக உப்பும். ரேயான் ரகத்துக்குப் பெயர் பெற்ற ஈரோட்டில், வீரப்பன்சத்திரம், சித்தோடு பகுதி விசைத்தறிகளில் நெய்யப்படும், இன்னும் சாயமேறாத காடா துணியில் பெரும்பகுதி வடமாநிலங்களுக்குப் போய், சாயமும் அச்சும் ஏறி, மீண்டும் நம் கடைகளுக்கு வந்து சேர்கிறது. தறியிலும், அதன்பின் சாயமேற்றும் இயந்திரங்களிலும் துணி நீளவாக்கில் இழுத்துப் பிடிக்கப்படுகிறது. ஈரமான ரேயான் எளிதில் நீண்டு கொடுக்கும். நீண்ட நிலையிலேயே காய்ந்தும் விடும். வீட்டு வாளியில் ஊறும்போதுதான் அந்த இழுப்பு தளர்கிறது. ஆகவே அகலத்தைவிட நீளத்தில்தான் இழப்பு அதிகம். 5 விழுக்காடு சுருக்கம் என்று வைத்துக்கொண்டாலும், 46 அங்குலக் குர்த்தியில் இரண்டு அங்குலத்துக்கு மேல் காணாமல் போகும். இதை அறியாத கடைக்காரர் எவரும் இருக்க முடியாது. ஆனாலும் நான் வழக்கமாகத் துணி எடுக்கும் கடையில் கேட்ட போதெல்லாம் வந்த பதில், “சுருங்கவே சுருங்காதுக்கா, தைரியமா எடுங்க” என்பதுதான். குர்த்தியை எடுத்துக்கொண்டு போய்க் காட்டியபோது, “ரேயான்னா கொஞ்சம் ஏறத்தான்க்கா செய்யும்” என்றார் அதே விற்பனையாளர்.

ஆகவே கடைக்காரரின் வாயை நம்பாமல் துணியை நம்ப வேண்டும். விளிம்பில் ஒரு நூலை உருவி அதன் நடுப்பகுதியை நாக்கில் நனைத்து இழுத்துப் பாருங்கள். ரேயானாக இருந்தால் நனைந்த இடத்தில் சட்டென்று அறுந்துவிடும். பருத்தி நனைந்தால் வலுக்கூடும். பாலியஸ்டர் கலப்பு என்று சந்தேகம் வந்தால் நூலைக் கொளுத்திப் பார்க்கலாம். ரேயான் காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். உருகிக் கட்டியானால் அது வேறு சங்கதி. கடையில் பதினான்கு கிலோ என்பார்கள், அதற்குக் குறைந்த எடையிலும் காட்டுவார்கள். எண் கூடினால் துணி கனமானது என்ற அளவில் புரிந்துகொண்டால் போதும். வெயிலுக்கு லேசான துணியே நல்லது என்று குறைந்த எடையைத் தேடுகிறவர்கள், அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு எடுப்பது நல்லது. அக்குள் தையலிலும் பின்புறத் தையலிலும் இழைகள் விலகி வாய் திறப்பது பெரும்பாலும் இந்த லேசு ரகத்தில்தான். அடர்ந்த நிறமாக இருந்தால், சாயம் விடுகிறதா என்று பார்க்க ஈரமான வெள்ளைக் கைக்குட்டையை அதன்மேல் அழுத்தித் தேய்க்கலாம். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். எந்த ரகமானாலும் தேவைக்கு மேல் கால் மீட்டர் கூடுதலாக எடுப்பதே என் வழக்கம். பாம்பூ ரேயான் என்று கூடுதல் விலைக்கு வருவதும் பெரும்பாலும் இதே விஸ்கோஸ் முறையில், அதாவது கூழைக் கரைத்து நூலாக்கும் முறையில் ஆனதுதான். மோடல் என்று இதே மரக்கூழ் வகையில் வரும் இன்னொரு துணி ஈரத்தில் கொஞ்சம் கூடுதல் உறுதியோடு இருக்கிறது, விலையும் அதற்கேற்ப இருக்கிறது.

நனைத்த ரேயானைப் பற்றி ஒரு விஷயம், முதன்முறை வாங்குகிறவர்களுக்காக. வாளியில் போட்டதும் அந்தக் குழைவெல்லாம் போய், துணி தடித்த அட்டைபோல் விறைத்துக்கொள்ளும். ஏமாந்துவிட்டோமோ என்று பதற வேண்டாம். காய்ந்து இஸ்திரி பட்டதும் பழைய குழைவு திரும்பிவிடும். ஈரமாக இருக்கும்போது அதன் வலு ஏறத்தாழ பாதியாகக்கூடக் குறைந்துவிடும் என்பதால் கல்லில் அடிப்பதும் முறுக்கிப் பிழிவதும் கூடாது. தைப்பதற்கு 11 ஆம் எண் ஊசி போதும். அம்பரெல்லா வெட்டில் தைப்பவர்கள் மட்டும், கீழ் மடிப்பு அடிப்பதற்கு முன் உடையை ஓரிரவு ஹேங்கரில் தொங்கவிட வேண்டும். மூலைவாட்டில் வெட்டிய பகுதிகள் தாமாகவே கீழே இறங்கும். அதாவது இந்தத் துணி தொங்கினால் நீளும், நனைந்தால் சுருங்கும், இரண்டையும் ஒரே உடையில் வெவ்வேறு இடங்களில் செய்யும்.

இவ்வளவு குளிர்ச்சியையும் குழைவையும் சொல்லிவிட்டு, தோழிக்கு நான் சொன்ன அந்த ஒரு சொல் “வேண்டாம்” என்பது. உடலுக்கு அளவாகப் பிடித்துத் தைக்கும் குர்த்திக்கும், கணுக்காலில் சரியாக நிற்க வேண்டிய பேன்ட்டுக்கும் இந்தக் கோடையில் மெல்லிய பருத்தியே எடுத்துக்கொள்ளட்டும். தைத்த அளவு ஏறக்குறைய அப்படியே இருக்கும் என்ற நிம்மதிக்கு ஒரு விலை உண்டு. நைட்டிக்கு மட்டும் ரேயானை விட்டுக்கொடுக்க மாட்டேன். அது இரண்டு அங்குலம் ஏறினால் கேட்பாரில்லை. பீரோவில் இன்னும் வெட்டாமல் கிடக்கும் நீலப் பூப்போட்ட ரேயானை, குர்த்திக்கென்றே எடுத்ததை, இரண்டு முறை நனைத்து உலர்த்தியாயிற்று. இன்னொரு முறையும் நனைத்துவிட்டு, அப்போதும் அளவு குறைந்தால் அதையும் நைட்டியாகவே தைத்துவிடுவேன்.