வெயிலா, அதிர்வா? மலையக ரயில் பாதை சென்சருக்கு மின்சாரம் தர எது சரி?

நானுஓயா தாண்டி, 6,200 அடிக்கு மேலே இருக்கிற பட்டிப்பொல ஸ்டேஷன் வரை ரயிலில் போனவர்களுக்கு அந்தப் பனிமூட்டம் தெரியும். பத்தடி தள்ளி நிற்கிற சிக்னலே கண்ணுக்குப் படாது. அங்கே சோலார் எடுபடாது என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் மண்சரிவைக் கவனிக்கிற சென்சர் பெரும்பாலும் தூங்கும். இடையிடையே விழித்துச் செய்தி அனுப்பும். அதற்கு மில்லிவாட் கணக்கு போதும். மங்கல் வெளிச்சத்திலும் சின்னப் பேனல் ஏதோ கொஞ்சம் தரும். பாசி படிந்தால் துடைக்க ஆள் வேண்டும், அதுதான் தொல்லை.

அதிர்வு முறையில், தண்டவாளத்தின் ஆட்டம் காந்தத்தைச் சுருளுக்குள் அசைத்து மின்சாரம் எடுக்கிறது. கேட்க அழகு. ஆனால் நம்ம கோச்சி ஊர்ந்து போகும், அதுவும் நாளைக்குச் சில தடவைதான். அடைமழையில் ஓட்டமே நின்றால் அதிர்வும் இல்லை. சரிவு வருவதோ அந்த நேரத்தில்தான்!

ஆகவே பாதையோரத்துக்கு என் தெரிவு சோலார், சில நாள் தாங்கும் பெட்டரியோடு. சுரங்கத்துக்குள்ளும் ரயில் பெட்டிக்கு அடியில் சில்லுப் பேரிங் சூட்டைப் பார்க்கிற சென்சருக்கும் அதிர்வை விடலாம். அங்கே வெயிலுக்கு எங்கே போவது?