அம்மாவோடு ஒரு நாள்: மாத்தூர், திற்பரப்பு, முட்டம்

நாகர்கோவில் வந்த மூன்றாம் நாள் அம்மா கேட்டாள்: "மக்களே, திற்பரப்பு அருவிக்குப் போயி எத்தன வருசமாச்சு, ஒரு நாள் கூட்டிட்டுப் போவியா?" அவளுக்கு 74 வயது. வலது முழங்கால் தேய்ந்திருக்கிறது. நான் வசிக்கும் வான்கூவரிலும் ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல்தான். அங்கே முதியவர்கள் ஏறப் பேருந்தே தாழ்ந்து கொடுக்கும். வயதான பெற்றோரோடு நம் ஊரைச் சுற்ற வருகிறவர்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

கனடாவிலிருந்தே ஒரு நிறுவனத்தில் கார் பதிவு செய்திருந்தேன். காலை 7 மணிக்கு வரவேண்டிய வண்டி 8:45 வரை வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. கடைசியில் பக்கத்துத் தெருவில் டாக்ஸி ஓட்டுகிற தம்பியைக் கூப்பிட்டோம். பத்து நிமிடத்தில் வந்தார். அம்மா ஏறுவதற்கு முன்சீட்டைப் பின்னால் தள்ளி, ஒரு தலையணையும் வைத்துக் கொடுத்தார். பதிவு செய்த இடத்தில் பணம் கொடுத்தும் கிடைக்காத கவனிப்பு அது.

தாமதத்தால் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாளைப் பார்க்க முடியவில்லை. நடை சாத்திவிட்டார்கள். 2022இல் நானூறு ஆண்டுகளுக்குப் பிறகு கும்பாபிஷேகம் நடந்த கோயில் என்பதால் அம்மாவுக்கு மனக்குறைதான்.

மாத்தூர் தொட்டிப்பாலத்தில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். கீழே பறளியாற்றுக்கு இறங்கும் படிக்கட்டு முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஆகாது. ஆனால் பாலத்தின் மேல்மட்டத்துக்கே கார் போகும். காமராஜர் ஆட்சியில் திட்டமிட்டு 1966இல் கட்டி முடித்தது. 28 தூண்கள், 115 அடி உயரம். மலைக்கு மலை தொட்டியில் தண்ணீரைக் கடத்தி, விளவங்கோடு, கல்குளம் பக்கத்து வயல்களுக்குக் கொண்டுபோகிறார்கள். தொட்டியை மூடிய சிலாப்புகளின் மேல் அம்மா என் தோளைப் பிடித்தபடி நடந்தாள். இடைவெளிகளில் கீழே தண்ணீர் ஓடுவது தெரிந்தது. "இந்தத் தண்ணிதான் எங்க அப்பாக்க வயலுக்கு வந்தது" என்றாள். நான் சின்ன வயதில் எத்தனையோ முறை வந்த பாலம் இது. தாத்தாவின் வயலுக்கும் இதற்கும் உள்ள தொடர்பை அன்றுதான் கேட்டேன்.

இனி கழிப்பறை. வழியில் ஓரிடத்தில் கட்டணக் கழிப்பறை இருந்தது, சுத்தமாகவும் இருந்தது. ஆனால் குந்தி உட்காரும் வகை மட்டும்தான். அம்மாவால் முடியாது. காலையிலிருந்து அவள் தண்ணீரே குடிக்காமல் வந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அது என்னை மிகவும் வருத்தியது. ஓட்டுநர் தம்பி மெயின் ரோட்டில் ஒரு ஹோட்டலுக்குக் கொண்டுபோனார். அங்கே வெஸ்டர்ன் டாய்லெட் இருந்தது. மரச்சீனிக்கிழங்கும் மீன்குழம்பும் சாப்பிட்டோம். ஒவ்வொரு சுற்றுலா இடத்திலும் ஒரே ஒரு வெஸ்டர்ன் டாய்லெட், பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி இருந்தால் போதும். எத்தனையோ அம்மாக்கள் வீட்டை விட்டு வெளியே வருவார்கள்.

திற்பரப்பில் கோதையாறு சுமார் 50 அடி உயரத்திலிருந்து அகலமாக விழுகிறது. பேச்சிப்பாறை அணையில் உபரிநீர் திறந்தால் குளிக்கத் தடை போடுவார்கள், கிளம்பும் முன் விசாரியுங்கள். நாங்கள் போனபோது தண்ணீர் அளவாக விழுந்தது. பெண்கள் பக்கம் என்னால் போக முடியாதே என்று தயங்கி நின்றேன். முன்பின் தெரியாத இரண்டு அக்காமார் "வாருங்க அம்மா" என்று ஆளுக்கொரு கையைப் பிடித்துக் கூட்டிப்போனார்கள். திரும்பி வந்தபோது அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். இத்தனை தூரம் பறந்து வந்ததற்கு எனக்கு அது போதும்.

பணம் பற்றி: சின்னக் கடைகளில் வெளிநாட்டு கார்டு எடுக்காது. என்ஆர்ஓ கணக்கு (வெளிநாட்டில் வாழும் இந்தியர் இங்குள்ள வங்கியில் வைக்கும் ரூபாய்க் கணக்கு) இருந்தால் உங்கள் வங்கியில் யூபிஐ கேட்டுப் பாருங்கள். கனடா உட்பட 10 நாட்டு மொபைல் எண்களில் யூபிஐ பயன்படுத்த 2023இல் அனுமதி வந்தது. சில்லறையும் கையில் இருக்கட்டும்.

மாலையில் முட்டம் கடற்கரை. பாறைகளில் ஏற வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். தம்பி வண்டியைக் கடலைப் பார்த்து நிறுத்தி, கதவைத் திறந்து வைத்தார். இருந்த இடத்திலிருந்தே சூரியன் இறங்குவதைப் பார்த்தாள்.

பத்மநாபபுரம் அரண்மனை விட்டுப்போனது. அன்று திங்கட்கிழமை, அங்கே விடுமுறை. உள்ளே செங்குத்தான மரப்படிகள் உண்டு என்றேன். "நான் முற்றத்துல இருக்கேன், நீ பாத்துட்டு வந்து சொல்லு" என்றாள். வியாழக்கிழமைக்கு அதே தம்பியிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.